முதல் விசாரிப்பு குப்பைக்கூடைக்கு

குடையைக் கதவோரம் சாத்திய கையோடு டப்பாக்காரம்மா குப்பைக்கூடையை நலம் விசாரித்துவிடுவார். வீட்டு மனிதர்களின் முறை அதற்குப் பிறகுதான். ஒரு கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, மறு கையின் இரண்டு விரலால் மேலே கிடக்கும் காகிதங்களை ஒதுக்குவார். ரொட்டி உறை, பழத்தோல், கிழித்துப்போட்ட கடிதம் எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. கடிதம் யாருடையது என்றுகூடப் பார்க்கமாட்டார். அவர் தேடுவது காலி மாத்திரை அட்டை, மருந்துப் புட்டியின் மூடி, கடையில் டாக்டர் சீட்டில்லாமல் எதையாவது வாங்கிய தடயம். ஒன்றும் அகப்படாவிட்டால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "ம், நல்ல கூடை" என்று நற்சான்று கொடுப்பார். புதிதாக அவரை வேலைக்கு அமர்த்தியவர்கள் இதைக் கண்டு திகைத்துப்போவார்கள். பழகியவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு வழிவிடுவார்கள்.

வாரத்துக்குப் பதினொரு வீடு. தனியாக இருப்பவர்கள், இருவராக இருந்தும் இருவருக்குமே பொடி எழுத்துத் தெரியாதவர்கள், இவர்களுடைய ஏழு நாள் மாத்திரை டப்பாவை நிரப்பிவைப்பது அவர் தொழில். நாளுக்கு மூன்று அறை: காலை, மதியம், இரவு. ஆக மொத்தம் இருபத்தொரு அறை. மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டை எதிரே விரித்துவைத்து, அறை அறையாக நிரப்பி, மூடிகளை டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே வருவார். அந்த டக் சத்தம் ஒன்று குறைந்தாலும் அவர் காதுக்குத் தெரிந்துவிடும்.

பதினெட்டு வருடம் மருந்துக் கிடங்கு ஒன்றில் பெட்டி கட்டியவர். கிடங்கு வேறு ஊருக்கு இடம் மாறியது, அவர் மாறவில்லை. ஐம்பத்துமூன்று வயதில் இப்படி ஒரு வேலையைத் தானே உண்டாக்கிக்கொண்டார். மாத்திரைகளை முகம் பார்த்தே அடையாளம் சொல்வார். துணிப்பையிலிருந்து வெள்ளைச் சாசர் ஒன்று, தபால்தலை சேகரிப்பவர்கள் வைத்திருப்பது போன்ற இடுக்கி ஒன்று, கைப்பிடி போட்ட பூதக்கண்ணாடி ஒன்று, மூன்றும் மேசைக்கு வந்ததும் பேச்சு ஆரம்பமாகும். பேச்சு மாத்திரைகளோடுதான். "நீ அரை ஆளு, ஓரமா நில்லு." "ஏய் பிரஷரு, உன் ஜோடி எங்க போச்சு?" "நீ சாப்பாட்டுக்கு முன்னாடி போறவ, உனக்கென்ன இங்க வேலை?" அந்த நேரத்தில் யாராவது டீ நீட்டினால் வாங்கமாட்டார். "கை வேலையா இருக்கறப்ப வாய்க்கு லீவு" என்பார். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வாய் அது என்பதை அவரிடம் யாரும் எடுத்துச்சொன்னதில்லை.

கூடையைப் பார்க்கும் வழக்கம் ஆரம்பத்தில் இருந்ததில்லை. அப்போதெல்லாம் வாயால்தான் கேட்பார். "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" அவருடைய மூன்றாவது வீட்டுத் தையற்காரம்மாவும் "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் சொன்னார். பொய் சொல்லவில்லை, பாவம். தூக்க மாத்திரை டாக்டர் கொடுத்தது, ஆகவே அது மருந்து. இருமலுக்குக் கடையில் வாங்கிய சிரப் தலைமாட்டில் இருந்தது, அது சும்மா. இருமினால் ஒரு மூடி, மறுபடி இருமினால் இன்னொரு மூடி. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கியவர் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இறங்கினார். இடுப்பெலும்பு போயிற்று. ஆஸ்பத்திரியில் டப்பாக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சிரப்பு எப்படிம்மா மருந்தாகும்?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு டப்பாக்காரம்மாவுக்கு மூன்று நாள் பதில் கிடைக்கவில்லை. நான்காம் நாள் அவர் கண்டுகொண்டது, மனிதர்களிடம் கேட்டால் அவர்கள் மருந்து என்று நினைப்பதைத்தான் சொல்வார்கள் என்பது. கூடைக்கு அந்தப் பாகுபாடு கிடையாது.

கூடவே ஒரு கட்டளையும் பிறந்தது. பதினொரு வீட்டிலும் அதைச் சொல்லிவைத்தார். "டப்பாவுல இருக்கறத கேள்வி கேக்காம முழுங்குங்க. டப்பாவுல இல்லாதத தொடாதீங்க." சொல்லும்போது டப்பாவின் மேல் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தக் கட்டளையைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

திங்கட்கிழமை காலை பத்தரை மணி லிஃப்ட்காரர் வீட்டுக்கு. நாற்பது வருடம் ஊரிலுள்ள உயரமான கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்த மனிதர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். "எல்லாரையும் மேல ஏத்திவிட்டாச்சு, நான் மட்டும் நடந்து வரேன்" என்று அவரே முதலில் சொல்லிவிடுவார், மற்றவர்கள் சொல்வதற்குள். எழுபத்துநான்கு வயது. மனைவி போன பிறகு தூக்கம் போயிற்று, டாக்டர் எழுதிக்கொடுத்து இரவுக்கு ஒரு தூக்க மாத்திரை. போன வருடம் குளியலறையில் ஒருமுறை விழுந்தார். கையில் கட்டுப்போட்ட நாளில் வெளியூரிலிருந்து ஓடிவந்த மகள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னாள். "இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடணும்ப்பா." மனைவியோடு முப்பது வருடம் வாழ்ந்த வீடு. ஜன்னலுக்கு அவரே செய்து மாட்டிய கம்பி, அவரே இழைத்த மேசை. அன்றிலிருந்து அவர் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறார்.

ஒவ்வொரு திங்களும் பதினொரு மணிக்கு மகள் கூப்பிடுவாள். அப்பாவிடம் இரண்டு வார்த்தை, பிறகு டப்பாக்காரம்மாவிடம். "எல்லாம் சரியா இருக்காக்கா?" "சரியா இருக்கும்மா." இந்த ஒரு பதிலை நம்பித்தான் அங்கே அவள் நிம்மதியாக வேலைக்குப் போகிறாள். இது டப்பாக்காரம்மாவுக்கும் தெரியும், லிஃப்ட்காரருக்கும் தெரியும்.

சென்ற மாதத்தில் ஒரு திங்கள். டப்பாக்காரம்மா குடையைச் சாத்தினார், கூடைக்கு முன்னால் குனிந்தார். கூடை துடைத்துவைத்தாற்போல் இருந்தது. அடியில் மடிப்புக் கலையாத செய்தித்தாள், அதன் மேல் ஒன்றுமேயில்லை. "நல்ல கூடை" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. நிமிர்ந்து லிஃப்ட்காரரைப் பார்த்தார். மூக்கு சிவந்து, அதன் நுனி உரிந்துபோயிருந்தது. கண் பாதிதான் திறந்திருந்தது. மூக்கைத் துடைத்த காகிதம் ஒன்றுகூட இல்லாத கூடையும் இந்த மூக்கும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாதே என்று டப்பாக்காரம்மா நினைத்தார். மேசைக்குப் போய்ச் சாசரையும் இடுக்கியையும் எடுத்துவைத்தார்.

பழைய வாரத்து டப்பா வந்தது. இருபத்தொரு அறையும் காலி. துணியால் துடைப்பதற்கு முன் வழக்கம்போல் ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தார். சனி இரவு அறையின் மூலையில் மஞ்சளாக ஒரு துளி தூள். ஞாயிறு இரவு அறையிலும் அதே மஞ்சள். லிஃப்ட்காரருக்கு மொத்தம் ஐந்து மாத்திரை. மூன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று பழுப்பு. அந்த வீட்டில் மஞ்சளுக்கு இடமே கிடையாது.

"நீ யாருடி?" என்று தூளைக் கேட்டார் டப்பாக்காரம்மா.

லிஃப்ட்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"அண்ணா, சளி எத்தன நாளா?"

"சளியா? சும்மா தூசி."

"தூசிக்கு மாத்திரையா போட்டீங்க?"

லிஃப்ட்காரர் எழுந்து, சுவரை ஒரு கையால் பிடித்தபடியே உள்ளே போனார். திரும்பி வந்தவர் கையில் அவருடைய பழைய கருவிப்பெட்டி. ஸ்பேனர்களை எடுத்து வரிசையாக மேசைமேல் வைத்தார். அடியிலிருந்து மாத்திரை அட்டை ஒன்று வந்தது. மஞ்சள் மாத்திரை, பத்தில் இரண்டு காலி.

"கூடைல போட்டா நீங்க பாத்துருவீங்க. நீங்க டாக்டருக்குச் சொல்லுவீங்க, டாக்டரு பாப்பாவுக்குச் சொல்லுவாரு." நாற்பத்தைந்து வயது மகள் அவருக்கு இன்னும் பாப்பாதான். "காலைல எழுந்ததும் குப்பையெல்லாம் அள்ளிக்கிட்டுக் கீழ தெருத்தொட்டில கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்தேன்."

"இந்த நிலமைல மூணு மாடி எறங்கினீங்களா?"

"எறங்கறப்பதான் கொஞ்சம்... ரெண்டு படி சேந்தாப்புல வந்துடுச்சு. கைப்பிடி இருந்துச்சு, பிடிச்சுட்டேன்." முழுக்கைச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். முழங்கைக்கு மேல் நீலம் பாரித்திருந்ததை அவர் இழுப்பதற்குள் டப்பாக்காரம்மா பார்த்துவிட்டார். சளி மாத்திரையை மறைக்கப் போய் விழப் பார்த்திருக்கிறார், விழுந்தால் வீடு போய்விடும் என்றுதான் மறைத்திருக்கிறார். கோபம் சுள்ளென்று வந்தது. ஆனால் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருந்தது.

"சரிண்ணா, போட்டதுதான் போட்டீங்க. அத எதுக்கு என் டப்பாவுக்குள்ள வெச்சீங்க?"

லிஃப்ட்காரர் இதற்கு மட்டும் தயங்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பவர் மாதிரி நேராக உட்கார்ந்து சொன்னார்.

"டப்பாவுல இல்லாதத தொடாதீங்கன்னீங்க. அதான் எடுத்து டப்பாவுல வெச்சேன். உள்ள போயிடுச்சுன்னா முறைப்படி ஆயிடுதில்ல? ராத்திரி மூடியத் தொறந்தேன், தூக்க மாத்திரையோட சேத்து ரெண்டு இருந்துச்சு. கேள்வி கேக்காம முழுங்கிட்டேன்."

டப்பாக்காரம்மா இடுக்கியைச் சாசரில் வைத்தார். அவர் கட்டளையை அந்த மனிதர் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. பதினொரு வீட்டிலும் கர்வத்தோடு தட்டித் தட்டிச் சொல்லிவைத்தது இப்படித்தான் வேலை செய்திருக்கிறது. திட்டுவதற்கு எடுத்துவைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். மருந்துக்கடையில் இருக்கும் மருந்தாளுநர்ப் பெண் அவருக்குக் கிடங்குக் காலத்துப் பழக்கம்.

"தங்கச்சி, ஸ்பீக்கர்ல போடறேன், அண்ணனும் கேக்கட்டும்."

"அட்டைக்குப் பின்னாடி என்னென்ன எழுதியிருக்கு, படிங்கக்கா."

பூதக்கண்ணாடியைப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். மூன்று மருந்து ஒரே மாத்திரையில். கூடவே லிஃப்ட்காரரின் சீட்டையும் வாசித்துக்காட்டினார். மருந்தாளுநர் அவசரப்படாமல் சொன்னாள். "மொதல்ல இருக்கறது காய்ச்சலுக்கு. அதையேதான் அவரு முட்டிவலிக்கு வெள்ளை மாத்திரையா சாப்பிடறாரு. அது ரெட்டிப்பாப் போகுது. ரெண்டாவது மூக்கடைப்புக்கு. அது பிரஷர ஏத்தும், பிரஷர் மாத்திரை சாப்பிடற அவருக்கு ஆகாது. மூணாவது மூக்கு ஒழுகறதுக்கு. அதான் ஆளத் தூங்கவைக்கற மருந்து. ராத்திரி தூக்க மாத்திரையோட அதுவும் உள்ள போனா, காலைலயும் தெளியாது, நடை தள்ளாடும். அதிகமாப் போனா மூச்சே மந்தமாயிடும்."

லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓவர்லோடு" என்றார்.

"ஆமா சார், அதேதான்."

"லிஃப்ட்டுன்னா மணி அடிக்கும். கதவு மூடாது. இங்க மணியே இல்லியே."

"மணி இல்லாததாலதான் சார், அட்டையத் திருப்பிப் படிக்கச் சொல்றோம். படிக்க முடியலன்னா கடைலயே, தூக்கத்துக்கு இன்னது சாப்பிடறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க வேற தருவோம். இப்ப டாக்டருக்குப் போன் போடுங்க. தூக்க மாத்திரைய நிறுத்துன்னும் நான் சொல்லமாட்டேன், சாப்பிடுன்னும் சொல்லமாட்டேன். எழுதினவரு சொல்லட்டும்."

எழுதினவர் ஐந்து நிமிடத்தில் கிடைத்தார். கேள்விகள் கேட்டார். மூச்சுத் திணறல் உண்டா, கூப்பிட்டால் உடனே விழிக்கிறாரா, பேச்சுக் குழறுகிறதா, மது ஏதாவது, தலையில் அடி ஏதாவது. எல்லாவற்றுக்கும் லிஃப்ட்காரரே பதில் சொன்னார். மஞ்சள் மாத்திரை இனி வேண்டாம் என்றார் டாக்டர். இன்று ஒரு இரவு தூக்க மாத்திரையும் வேண்டாம், மூக்குக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு போதும் என்றும், நாளைக் காலை தன்னைக் கூப்பிட்டுச் சொன்னால் மேற்கொண்டு சொல்வதாகவும், அதற்குள் மயக்கம் கூடினாலோ மூச்சு மந்தமானாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும்படியும் சொல்லி வைத்தார். இன்று முழுக்கப் படி இறங்கக்கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

கைப்பேசியைக் கீழே வைத்தபோது மணி பதினொன்று. லிஃப்ட்காரரின் கைப்பேசி ஒலித்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"டப்பாம்மா..." லிஃப்ட்காரரின் குரல் இறங்கிவிட்டது. "எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிடுங்களேன். இனிமே பண்ணமாட்டேன். சத்தியமா."

டப்பாக்காரம்மாவுக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. அந்த மேசையையும் ஜன்னல் கம்பியையும் விட்டு இந்த மனிதர் வேறோர் ஊரில் மூலை அறை ஒன்றில் உட்கார்ந்திருப்பதை அவரால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் பற்றிய தையற்காரம்மாவின் கை இன்னும் அவர் கையில் இருந்தது.

"அண்ணா, நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னா சேதி. எடுத்துப் பேசுங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்."

லிஃப்ட்காரர் எடுத்தார். பேசினார். ஒன்றையும் விடவில்லை. கருவிப்பெட்டி, தெருத்தொட்டி, ஒன்றாக வந்த இரண்டு படி, எல்லாவற்றையும் பழுது அறிக்கை எழுதுகிறவர் மாதிரி வரிசையாகச் சொன்னார்.

"எங்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ வந்து கூட்டிட்டுப் போயிடுவ."

"நீங்க விழக்கூடாதுன்னுதானப்பா அப்படிச் சொன்னேன்? நீங்க ஒளிக்கணும்னா சொன்னேன்?" அவள் குரல் உடைந்தது. லிஃப்ட்காரர் கைப்பேசியை டப்பாக்காரம்மாவிடம் நீட்டிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். சளிதான் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

"அக்கா, எல்லாம் சரியா இருக்கா?" பழக்கத்தில் அந்தக் கேள்விதான் அவளுக்கு வந்தது.

"இல்லம்மா. இன்னிக்கு சரியா இல்ல." டப்பாக்காரம்மா அந்த வீட்டில் இந்தப் பதிலைச் சொல்வது அதுதான் முதல் தடவை. "ஆனா தப்புல பாதி என்னோடது. கேள்வி கேக்காம முழுங்குங்கன்னு சொல்லிக்கொடுத்தது நான்தான். வேற ஆள் வெக்கணும்னா வெச்சுக்கோ. அப்பாவக் கூட்டிட்டுப் போறதுக்கு மட்டும் அவசரப்படாதம்மா. அவரு தானா வாயத் தொறந்து சொல்லியிருக்காரு, பாத்தியா?"

மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குடும்பத்துக்கே ஒரே மூக்கு. "ஒரு மாசம் பாக்கறேன்க்கா" என்றாள் கடைசியில். "நீங்களே வாங்க. ஆனா அப்பா இனிமே எதையாவது ஒளிச்சாருன்னா, விழாட்டாலும் நான் வந்து நிப்பேன்."

அன்று டப்பாக்காரம்மா மதியம்வரை அங்கேயே இருந்தார். அடுத்த வீட்டுக்காரரிடம் இரவில் இரண்டு தடவை வந்து குரல் கொடுக்கச் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் குடையை எடுத்தார். அந்த வாரம் மற்றப் பத்து வீட்டிலும் பழைய கட்டளை ரத்தாயிற்று. "டப்பாவுல என்ன இருக்குன்னு தொறந்து பாருங்க. எண்ணுங்க. எதுக்குன்னு கேளுங்க. எனக்கே தெரியலன்னாலும் கேளுங்க" என்று புதிதாகச் சொன்னார். எட்டாவது வீட்டு அம்மாள், "போன வாரம் வேற மாதிரி சொன்னியே?" என்று மடக்கியபோது, "போன வாரம் எனக்கு அறிவு கொஞ்சம் கம்மிம்மா" என்று பதில் வந்தது. டப்பாவைத் தட்டுகிற தட்டு மட்டும் நிற்கவில்லை. அது கைப்பழக்கம்.

மறு திங்கள் பத்தரை மணி. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றார். கதவு திறந்தே இருந்தது. லிஃப்ட்காரரின் மூக்கு பழைய நிறத்துக்கு வந்திருந்தது, கண் முழுதாகத் திறந்திருந்தது. டப்பாக்காரம்மா குடையைச் சாத்திவிட்டு வழக்கமான மூலைக்குப் போய்க் குனிந்தார். கூடையைக் காணோம்.

கூடை மேசைமேல் இருந்தது. செய்தித்தாள் விரித்து, அதன் நடுவில் ஏற்றிவைத்திருந்தார் லிஃப்ட்காரர். விளிம்புவரை மூக்குக் காகிதம் நிரம்பி வழிந்தது. ஒரு வாரக் குப்பையையும் கீழே கொண்டுபோகாமல் இதற்காகவே காத்திருக்கிறார் என்பது தெரிந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு, சோதனைக்கு வந்த அதிகாரி முன்னால் நிற்பதுபோல் நின்றார்.

"பாருங்க டப்பாம்மா. ஒண்ணுவிடாம இருக்கு. சொட்டு மருந்து மூடிகூட உள்ள கெடக்கு. கடைல வாங்கறப்ப தூக்க மாத்திரை சாப்பிடறேன்னு சொல்லித்தான் வாங்கினேன்."

டப்பாக்காரம்மா கூடையை இரண்டு கையாலும் தூக்கினார். முகத்தை அந்தப் பக்கமே திருப்பாமல், குனிந்து பாராமல், கொண்டுபோய் அதன் மூலையில் வைத்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, காலி டப்பாவையும் மருந்துச் சீட்டையும் சாசரையும் இடுக்கியையும் லிஃப்ட்காரர் பக்கம் நகர்த்திவிட்டு, தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.